நட்சத்திரம் வந்து சேர எழுபது வருஷம்

யுத்தத்தில் தோற்றவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாருக்கு என்ன மெடல் குத்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஜெயித்தவன் பாடுதான் திண்டாட்டம். 1945 மே மாதம் ஹிட்லரின் ஜெர்மனி கையைத் தூக்கியதும் லண்டனில் அந்தத் திண்டாட்டம் உச்சத்துக்குப் போனது. கிட்டத்தட்ட ஆறு வருஷச் சண்டை. ஒரு கடல் பாக்கியில்லை, ஒரு பாலைவனம் பாக்கியில்லை. ஆளுக்கொரு வீரக்கதை வேறு வைத்திருந்தான்.

அரசாங்கம் சிக்கனமாக ஒரு வழி பிடித்தது. செம்பும் துத்தநாகமும் கலந்த ஆறு முனை நட்சத்திரம். எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். நடுவில் பொறித்த பெயரும் மேலே தொங்கும் ரிப்பனும் மட்டும் மாறும். ரிப்பன் நிறங்களை மன்னர் ஆறாம் ஜார்ஜே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார் என்பார்கள். ஆப்பிரிக்காவுக்கு மணல் நிறம், பசிபிக்குக்குக் காட்டுப் பச்சையும் கடற்கரை மஞ்சளும், அட்லாண்டிக்குக்கு நீலம், வெள்ளை, கடல்பச்சை. ராஜாவுக்கு நல்ல ரசனை என்பதில் சந்தேகமில்லை.

மொத்தம் எட்டு ஸ்டார். 1939-45 ஸ்டார் என்று பொதுவாக ஒன்று. பிறகு அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, பசிபிக், பர்மா, இத்தாலி, பிரான்ஸ்-ஜெர்மனி, ஐரோப்பாவின் மேல் பறந்த விமானக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உலக உருண்டையையே கூறு போட்டுவிட்டார்கள். உச்சந்தலையை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆர்க்டிக் என்று ஒரு கடல் இருந்தது, அதில் நாலு வருஷமாக நம் பையன்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள் என்பது யாருக்கும் நெஞ்சில் தைக்கவில்லை. ராஜாவே பழைய கடற்படைக்காரர். 1916ல் ஜட்லண்ட் சண்டையில் காலிங்வுட் கப்பலில் இருந்தவர். அவருக்காவது ஞாபகம் வந்திருக்கலாம். ரிப்பன் வேலையில் மும்முரமாக இருந்திருப்பார்.

அந்தப் பையன்களில் ஒருவனை ஜாக் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் கடற்படையில் எல்லா மாலுமிக்கும் ஜாக் என்றுதான் செல்லப்பெயர். இவன் ஒரு ஆள் இல்லை, பல பேரைப் பிசைந்து உருட்டிய ஆள். வயது இருபது. இதற்கு முன் அவன் பார்த்த அதிகபட்சக் குளிர் அவன் அம்மாவின் சமையலறைத் தரை.

அவனுக்கும் ரஷ்யாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தத்தை உண்டாக்கியவர் ஹிட்லர். 1941 ஜூன் 22ம் தேதி அவர் ரஷ்யா மேல் பாய்ந்தார். வாழ்நாள் முழுக்கக் கம்யூனிஸ்டுகளைக் கரித்துக்கொட்டிய சர்ச்சில், அன்று ராத்திரியே வானொலியில் ரஷ்யாவுக்குத் தோள் கொடுப்பதாகச் சொன்னார். தோள் கொடுப்பதாகச் சொன்னது சர்ச்சில், சுமந்தது ஜாக். ஸ்டாலின் டாங்க் கேட்டார், விமானம் கேட்டார், ரப்பர் கேட்டார். கொடுக்கிற மனசு இருந்தது, கொண்டுபோகிற வழிதான் இல்லை. இருந்த ஒரே குறுக்கு வழி, ஐஸ்லாந்திலிருந்து கிளம்பி, ஜெர்மன்காரன் பிடித்து வைத்திருந்த நார்வேயின் தலையைச் சுற்றிக்கொண்டு மர்மான்ஸ்க், இல்லாவிட்டால் ஆர்க்கேஞ்சல். ஒரு பக்கம் பனிப்பாறை, மறுபக்கம் நீர்மூழ்கியும் குண்டுவீச்சு விமானமும். நடுவில் மூட்டை முடிச்சோடு வணிகக் கப்பல்கள். முதல் கூட்டம் 1941 ஆகஸ்ட் 31ம் தேதி பத்திரமாக ஆர்க்கேஞ்சல் போய்ச் சேர்ந்தது. போகலாம் போலிருக்கிறதே என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். அதுதான் வினை.

குளிர்காலத்தில் அங்கே சூரியனே எட்டிப் பார்க்காது. இருட்டில் எதிரிக்கு நம்மைத் தெரியாது, நல்லதுதான். பக்கத்துக் கப்பலுக்கும் தெரியாது. கோடையில் சூரியன் மறையவே மறையாது. ஜெர்மன் விமானி டீ குடித்துவிட்டு ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட வசதியாக வந்து குண்டு போடலாம். எந்தப் பருவத்தில் போனாலும் ஏன் இந்தப் பருவத்தில் வந்தோம் என்று தோன்றும்படி இயற்கை ஏற்பாடு செய்திருந்தது.

அலையடித்துத் தெறிக்கும் தண்ணீர் தளத்தில் விழும்போதே ஐஸாகிவிடும். கம்பி, பீரங்கி, ஏணி எல்லாவற்றின் மேலும் டன் கணக்கில் ஏறும். அப்படியே விட்டால் மேல்பாரம் தாங்காமல் கப்பல் குப்புறக் கவிழ்ந்துவிடும். ஆகவே ஜாக்கின் பெரும்பாலான யுத்தம் ஹிட்லரோடு நடக்கவில்லை. கோடாலியையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு ஐஸோடு நடந்தது. வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் இரும்போடு போய்விடும். தவறிக் கடலில் விழுந்தவனுக்குச் சில நிமிஷம்தான் ஆயுசு.

இத்தனைக்கும் கடற்படை கொடுத்த ஆறுதல் இரண்டு. மத்தியானம் ஒரு அளவு ரம். ராத்திரிக் காவலில் ‘கை’ என்று அவர்கள் சொல்லும் கோகோ. பாறை மாதிரி வரும் சாக்லெட் கட்டியைக் கத்தியால் சீவி, கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, டின் பாலும் சர்க்கரையும் போட்டுக் கிண்டுவார்கள். கரண்டி நட்டுக்கொண்டு நின்றால் பதம் சரி. எண்ணெய் வாடை, ஈரக் கம்பளி வாடை, கழுவாத முப்பது பேர் வாடை எல்லாம் சூழ்ந்த இருட்டில் அந்தக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பான் ஜாக். சர்ச்சிலின் பேச்சைவிட அதுதான் சாம்ராஜ்யத்தைத் தாங்கியது என்பது என் கட்சி.

ஆர்க்டிக்கில் எதிரியே தேவையில்லை, நம் சாமானே போதும் என்பதற்கு ட்ரினிடாட் சாட்சி. 1942 மார்ச் 29ம் தேதி அந்தப் போர்க்கப்பல் ஒரு ஜெர்மன் நாசகாரிக் கப்பலை அடித்து நொறுக்கிவிட்டு, கடைசி அடியாக மூன்று டார்பிடோவை விட்டது. இரண்டு, குழாயிலேயே உறைந்து போய் வெளியே வர மறுத்துவிட்டன. புத்திசாலிகள். மூன்றாவது வெளியே போனது, குளிரில் திசைகாட்டும் கருவி மக்கர் செய்யவே பெரிய வட்டம் போட்டுத் திரும்பி, விட்ட கப்பலையே வந்து இடித்தது. ட்ரினிடாடில் 32 பேர் செத்தார்கள். கடற்படைப் பதிவேடுகளில் இதை எழுதிய குமாஸ்தா பேனாவை எத்தனை தடவை கீழே வைத்து யோசித்திருப்பானோ.

நீர்மூழ்கிக்காரர்கள் கதை வேறு. ட்ரைடன்ட் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி 1941ல் ரஷ்யத் தளமான பொல்யார்னியில் நின்றது. கேப்டன் ஸ்லேடன் ஒரு விருந்தில், ஊரில் பனி விழுந்தால் என் மனைவி குழந்தை வண்டியைத் தள்ள சிரமப்படுகிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னாராம். ரஷ்ய அட்மிரல் அதை மனசில் போட்டுக்கொண்டார். உமக்குத் தேவை ஒரு பனிமான்தான் என்று ஒன்றைப் பரிசாக அனுப்பிவிட்டார், தின்ன ஒரு பீப்பாய் பாசியோடு. நட்பு நாட்டு அட்மிரல் கொடுத்ததை வேண்டாம் என்றால் கூட்டணியே முறிந்துவிடும். சாக்கில் கட்டி டார்பிடோ குழாய் வழியாக உள்ளே இறக்கினார்கள். பொல்யானா என்று பெயர் வைத்தார்கள்.

ஆறு வாரம் அந்தப் பனிமான் நீர்மூழ்கியில் குடித்தனம் நடத்தியது. படுக்கை கேப்டன் அறையில். பாசி தீர்ந்ததும் மாலுமிகளின் மிச்சமீதியும் டின் பாலும் சாப்பிட்டது. கடல் வரைபடம் ஒன்றையும் தின்றுவிட்டதாகச் சொல்வார்கள். ஊர் திரும்பியபோது, உள்ளே வந்த குழாய் வழியாக வெளியே போக முடியாத அளவுக்குக் கொழுத்திருந்தது. மேல்வாசல் வழியாகக் கப்பி போட்டுத் தூக்கி எடுத்து லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள். ஸ்லேடனின் மனைவி கடைசிவரை வண்டியைத் தானேதான் தள்ளியிருக்க வேண்டும்.

சிரிப்பு வராத கதைக்கு வருவோம். 1942 ஜூன் கடைசியில் பி.க்யூ. 17 என்ற கான்வாயாக, அதாவது காவலோடு போகும் கூட்டமாக, 35 வணிகக் கப்பல் கிளம்பியது. ஜெர்மனியின் ராட்சதப் போர்க்கப்பல் டிர்பிட்ஸ் புறப்பட்டு வருகிறது என்று லண்டனில் உட்கார்ந்திருந்த கடற்படைத் தலைவர் டட்லி பவுண்டுக்குத் தோன்றிவிட்டது. ஜூலை 4ம் தேதி ராத்திரி உத்தரவு வந்தது: துணைக்கு வந்த பெரிய கப்பல்கள் திரும்பலாம், வணிகக் கப்பல்கள் நாலா பக்கமும் சிதறி ஓடலாம். நடுக்கடலில் காவல்காரனைக் கூப்பிட்டுக்கொண்டு, சரக்குக்காரனை உன் பாடு என்று விட்டது. டிர்பிட்ஸ் அப்போது நங்கூரத்தைக்கூட எடுக்கவில்லை. மறுநாள் கிளம்பி, கொஞ்ச தூரம் வந்து, வேலைதான் முடிந்துவிட்டதே என்று திரும்பிப் போய்விட்டது. நீர்மூழ்கியும் விமானமும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தன. 24 கப்பல் கடலுக்குள். அவற்றோடு போன டாங்க் மட்டும் 430.

அந்தக் களேபரத்தில் உருப்படியாக யோசித்தவர் ஒரு வக்கீல். லியோ கிராட்வெல், சமாதான காலத்தில் கோர்ட்டில் கறுப்பு கவுன் போட்டவர். யுத்தத்துக்காக ஏர்ஷயர் என்ற மீன்பிடிக் கப்பலுக்குத் தலைவரானார். சிதறு என்றால் எந்தப் பக்கம் சிதறுவது என்று உத்தரவில் இல்லை. சட்டம் படித்தவராயிற்றே, அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் தெற்கும் கிழக்கும் ஓட, இவர் மூன்று வணிகக் கப்பலை இழுத்துக்கொண்டு வடக்கே, நேராகப் பனிக்கட்டிக்குள் போனார். அந்தப் பகுதிக்குக் கடல் வரைபடம் கையில் இல்லை. டைம்ஸ்காரர்கள் போட்ட சின்ன பூகோளப் புத்தகம் ஒன்றுதான். மூன்றில் ஒரு கப்பலில் வெள்ளைப் பெயின்ட் ஏராளமாக இருந்தது. எல்லாக் கப்பலுக்கும் அவசரமாக வெள்ளையடித்து, தளத்தில் மேஜை விரிப்பு, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் பரப்பி, பனியோடு பனியாக நின்றார்கள். தளத்தில் ஏற்றியிருந்த டாங்குகளின் பீரங்கியில் குண்டு போட்டுத் தயாராக வைத்துக்கொண்டார்கள். ஜெர்மன் விமானங்களின் கண்ணில் படவே இல்லை. நாலு கப்பலும் முழுசாக ஆர்க்கேஞ்சல் போய்ச் சேர்ந்தன. கிராட்வெல்லுக்கு வீரப் பதக்கம் கிடைத்தது. பிற்காலத்தில் மாஜிஸ்டிரேட் ஆகி, 1963ல் மந்திரி ஒருவரின் படுக்கையறை ரகசியம் வெளியாகி லண்டனையே ஆட்டிய புரொஃப்யூமோ விவகாரத்தில், குற்றம் சாட்டப்பட்ட ஸ்டீபன் வார்டின் ஆரம்ப விசாரணையை நடத்தியவரும் இவர்தான். படுக்கை விரிப்பு சம்பந்தப்பட்ட விஷயங்கள் அவரை விடவில்லை.

இப்படி 1945 மே வரை 78 கான்வாய். நாற்பது லட்சம் டன் சரக்கு. போன இடத்திலேயே 3,000 பேருக்கு மேல் தங்கிவிட்டார்கள்.

ஜாக் தங்கவில்லை. ஊர் திரும்பி, அரசாங்கம் கொடுத்த சூட்டைப் போட்டுக்கொண்டு, மெடலுக்கு விண்ணப்பம் எழுதினான். ஆமாம், எழுதித்தான் வாங்க வேண்டும். கேட்காதவனுக்குக் கிடையாது. எத்தனையோ பேர் கேட்கவே இல்லை. கேட்டவனுக்கு ஒருநாள் தபாலில் சின்ன அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே மெடல், ரிப்பன், ஒரு துண்டுச் சீட்டு. முதல் உலகப்போரில் மெடலில் வீரனின் பெயரையாவது பொறித்துக் கொடுத்தார்கள். இந்தத் தடவை பிரிட்டனில் அதுவும் இல்லை. ரிப்பனை யார் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம், பெட்டி மேல் எழுதிய விலாசம்தான் அத்தாட்சி.

ஆர்க்டிக் எங்கே என்று ஜாக் கேட்டிருப்பான். அது அட்லாண்டிக் ஸ்டாரிலேயே அடக்கம் என்றது அரசாங்கம். கும்மிடிப்பூண்டிக்காரனைப் பார்த்து நீங்களும் மெட்ராஸ்தானே என்கிற கணக்கு. சரி, அதையாவது சும்மா கொடுத்தார்களா? முதலில் ஆறு மாதம் கடலில் இருந்து 1939-45 ஸ்டாரைச் சம்பாதிக்க வேண்டும். அதற்குப் பிறகு இன்னும் ஆறு மாதம் இருந்தால்தான் அட்லாண்டிக். ஆப்பிரிக்கா ஸ்டாருக்கு அப்படி மாதக் கணக்கே கிடையாது. யுத்த எல்லைக்குள் காலை வைத்தால் போதும். வெயிலுக்கு ஒரு நாள், பனிக்கு ஒரு வருஷம். சட்டத்தை எழுதியவர் கணப்பு பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

புதிதாக ஒரு ஸ்டார் கொடுங்கள் என்று கேட்டால் விதி நின்றது: நடந்து ஐந்து வருஷத்துக்கு மேலான எதற்கும் புது மெடல் பரிசீலிப்பதில்லை. கேட்கிறவர்களுக்குத் தலை நரைத்தது, அவன் அவர் ஆனான், விதி மட்டும் இளமையாகவே இருந்தது.

அரசாங்கத்துக்கு ஆர்க்டிக் அடியோடு மறந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. 1942 மே 2ம் தேதி அங்கே மூழ்கிய எடின்பரோ கப்பலில் 465 தங்கக் கட்டிகள் இருந்தன. ஆயுதத்துக்கு விலையாக ஸ்டாலின் அனுப்பிய நாலரை டன் தங்கம். அது நன்றாக ஞாபகம் இருந்தது. 1981ல் 245 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவர்களை இறக்கி 431 கட்டிகளை மேலே கொண்டுவந்தார்கள். 1986ல் மறுபடி போய் இன்னும் 29. மூழ்கி எடுத்த கம்பெனிக்கு ஒரு பங்கு, ரஷ்யாவுக்கு ஒன்று, பிரிட்டனுக்கு ஒன்று. தங்கம் விஷயத்தில் ஐந்து வருஷ விதியை யாரும் எடுத்துக் காட்டவில்லை.

கமாண்டர் எடி கிரென்ஃபெல் என்று ஒருவர். 1942ல் அவர் இருந்த எம்பயர் லாரன்ஸ் கப்பல் ஆர்க்டிக்கில் வெடித்துச் சிதறி, உறையும் தண்ணீரிலிருந்து பிழைத்து வந்தவர். ஹிட்லரின் விமானப்படையிடம் தப்பியவர் லண்டன் குமாஸ்தாக்களை விடுவாரா? வருஷக்கணக்காகக் கடிதம், பேட்டி, பாராளுமன்றம் என்று விடாமல் துரத்தினார். பழைய ஆட்கள் வெள்ளைத் தொப்பியோடு அணிவகுப்புகளில் நின்று காட்டினார்கள். 2006ல் அரசாங்கம் மனம் இரங்கி, கோட்டுக் காலரில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் கொடுத்தது. மெடல் இல்லை, சின்னம்.

இதற்கு நடுவில் ரஷ்யர்கள் வந்தார்கள். எங்களுக்காகக் குளிரில் வந்தவர்களுக்கு உஷாகோவ் மெடல் தருகிறோம் என்றார்கள். உஷாகோவ் 18ம் நூற்றாண்டு அட்மிரல், ஒரு சண்டையிலும் தோற்காதவர். 2001ல் ரஷ்யத் திருச்சபை அவரைப் புனிதராகவே ஆக்கிவிட்டது. மெடலில் நங்கூரம், ரிப்பனுக்கு மேல் நிஜமாகவே ஒரு குட்டிச் சங்கிலி. கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தங்கள் கிழவர்களுக்குச் சொல்லிவிட்டன. 2012ல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை மட்டும் கூடாது என்றது. வெளிநாட்டு மெடல் வாங்க வேண்டுமானால் அந்தச் சேவை கடந்த ஐந்து வருஷத்துக்குள் நடந்திருக்க வேண்டுமாம். தொண்ணூறு வயசுக்காரர் 2007க்கு அப்புறம் மர்மான்ஸ்குக்கு டாங்க் கொண்டுபோனதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அதுவும் போக, இதே சேவைக்கு நாங்கள்தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே என்றார்கள். என்ன கொடுத்தீர்கள்? அட்லாண்டிக் ஸ்டார்.

அதே வருஷம் சர் ஜான் ஹோம்ஸ் என்ற முன்னாள் தூதர் மெடல் விதிகளையெல்லாம் அலசினார். டிசம்பரில் பிரதமர் கேமரூன் எழுந்து, ஆர்க்டிக் ஸ்டார் உண்டு என்று பாராளுமன்றத்தில் சொன்னார். 2013 மார்ச்சில் முதல் மெடல்களைக் கொடுத்தார்கள். அதே ஆறு முனை, அதே வார்ப்பு, செத்து அறுபது வருஷமான ஆறாம் ஜார்ஜின் அதே முத்திரை. ரிப்பனின் நடுவில் பனிக்கு ஒரு வெள்ளைக் கோடு. தகுதி? ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே எத்தனை நாள் இருந்தாலும் சரி, ஒரு நாள் போதும். அந்த வட்டம் 1945லும் அதே இடத்தில்தான் இருந்தது.

கிரென்ஃபெல்லுக்கு அந்த மார்ச்சில் மெடல் கிடைத்தது, வயது 93. ஜூன் மாதம் காலமானார். உயிரோடிருப்பவர்களுக்கும் விதவைகளுக்கும் முதலில், மற்ற வாரிசுகளுக்கு அப்புறம் என்று வரிசை போட்டார்கள். வரிசை பெரும்பாலும் வாரிசுகளாகத்தான் இருந்தது. நம் ஜாக்கின் பேரன் இணையத்தில் படிவத்தை இறக்கி, தாத்தாவின் கடற்படை நம்பரைத் தேடிப் பரணில் ஏறியிருப்பான். மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் தபால், மறுபடியும் பெட்டி.

2013லேயே உஷாகோவுக்கும் அனுமதி வந்துவிட்டது. மிஞ்சியிருந்த கிழவர்கள் இரண்டையும் கோட்டில் குத்திக்கொண்டார்கள். எதை எங்கே குத்துவது என்பதில் மட்டும் குழப்பமே வரவில்லை. ஆர்க்டிக் ஸ்டார் அட்லாண்டிக்குக்கு அடுத்தது. வெளிநாட்டு மெடல், சங்கிலியோடு வந்தாலும், வரிசையில் கடைசி. அதற்கு விதி முன்கூட்டியே தயாராக இருந்தது.